பசுமை முறை செல்லுலோஸ் நானோபடிகங்கள்: வாங்கிப் பயன்படுத்துபவரின் மதிப்புரை

செல்லுலோஸ் நானோபடிகம் விற்கும் நிறுவனங்களின் விவரத்தாள்களில் எங்காவது ஒரு மூலையில் பச்சை இலைப் படம் ஒன்று இருக்கும். மூலப்பொருள் மரக்கூழோ பருத்தியோ என்பதாலும், படிகம் தானாக மக்கிப்போகும் பொருள் என்பதாலும் அந்த இலையை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கூழ் படிகமாக மாறும் வழியில் எவ்வளவு அமிலம் செலவானது, எவ்வளவு தண்ணீர் கழிவாக வெளியேறியது, உலர்த்துவதற்கு எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்ற கணக்கு அதே தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. காகிதப் பொதிகளுக்கு நீர் அடிப்படையிலான பூச்சுகளைத் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் பணிபுரிகிறேன். இந்தப் பொருளை வெளியிலிருந்து வாங்கியும், சிறிய அளவில் நாங்களே செய்து பார்த்தும் பழகியிருப்பதால், சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று இன்று முன்வைக்கப்படும் தயாரிப்பு முறைகளையும் அவற்றிலிருந்து கிடைக்கும் பொருளையும் ஒரு வாடிக்கையாளர் என்ற நிலையில் நின்று இங்கே மதிப்பிடுகிறேன். எந்த அமிலம் என்பதைவிட, வேலை முடிந்த பிறகு அந்த அமிலம் எங்கே போயிற்று என்பதற்கே நான் அதிக மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறேன்.

பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள். தாவர நாரில் செல்லுலோஸ் சங்கிலிகள் சில இடங்களில் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகமாகவும், இடையிடையே ஒழுங்கு குலைந்தும் கிடக்கின்றன. அமிலம் முதலில் தாக்குவது ஒழுங்கு குலைந்த பகுதிகளைத்தான். அவை அறுபட்டதும் எஞ்சி நிற்கும் குச்சி வடிவத் துகள்களே நானோபடிகங்கள். மரக்கூழிலிருந்து வருபவை பொதுவாக 5 முதல் 10 நானோமீட்டர் அகலமும் 100 முதல் 200 நானோமீட்டர் நீளமும் கொண்டவை. பருத்தியிலிருந்து வருபவை சற்று நீளமாக இருப்பதுண்டு. நீளவாக்கில் இவற்றின் விறைப்பு 100 கிகாபாஸ்கலைத் தாண்டுகிறது. பூச்சில் சேர்த்தால் ஆக்சிஜன் ஊடுருவலைத் தடுக்கும் இறுக்கமான படலம் கிடைக்கிறது. பாகுநிலையைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறது. எங்களுக்கு இவை தேவைப்படுவது இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான்.

எந்தப் பசுமை முறையை எடைபோடுவதற்கும் பழைய முறையின் கணக்கு முதலில் கையில் இருக்க வேண்டும். ஸ்வீடனில் உப்சாலாவைச் சேர்ந்த பெங்ட் ரோன்பி, 1949ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சல்ஃபூரிக் அமிலத்தால் செல்லுலோஸைச் சிதைத்து நீரில் நிலையாக மிதக்கும் நுண்துகள்களைப் பெற்றார். ஆய்வகங்களில் இன்றும் வழங்கும் செய்முறை அதிலிருந்து அதிகம் விலகவில்லை: 64 சதவீத சல்ஃபூரிக் அமிலம், 45 டிகிரி செல்சியஸ் வெப்பம், முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வினை, பிறகு பத்து மடங்கு தண்ணீர் ஊற்றி வினையை நிறுத்துதல், மையவிலக்கில் சுழற்றி அமிலத்தை வடித்தல், மிச்ச அமிலம் சவ்வு வழியாக வெளியேற நாட்கணக்கில் டயாலிசிஸ், கடைசியாக அல்ட்ராசோனிக் அதிர்வு. ஒரு கிராம் கூழுக்கு 8.75 மில்லிலிட்டர் அமிலம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விகிதம். விளைச்சல் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டு இதைக் கிலோவுக்கு மாற்றினால் நிலைமை புரியும். ஒரு கிலோ படிகத்துக்கு இரண்டரைக் கிலோ கூழும் ஏறத்தாழ 22 லிட்டர் அமிலக் கரைசலும் வேண்டும். அந்தக் கரைசலில் 21 கிலோவுக்கும் மேல் தூய சல்ஃபூரிக் அமிலம் இருக்கிறது. வினையை நிறுத்துவதற்கு மட்டும் 220 லிட்டர் தண்ணீர் போகும். கழுவும் நீர் அதற்கு மேல். அமிலத்தை மீட்காமல் காஸ்டிக் சோடாவால் நடுநிலைப்படுத்தினால் 30 கிலோவுக்கு மேல் சோடியம் சல்ஃபேட் மிஞ்சும்; சுண்ணாம்பால் நடுநிலைப்படுத்தினால் அதைவிட அதிக எடையில் ஜிப்சம் வண்டல் மிஞ்சும். ஒரு கிலோ வெண்பொடிக்கு முப்பது கிலோ உப்பு என்ற இந்த விகிதம்தான் பசுமை முறைகளைத் தேடவேண்டிய தேவையை உண்டாக்கியது.

ஆனாலும் சல்ஃபூரிக் அமிலத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. வினையின்போதே படிகத்தின் மேற்பரப்பில் அமிலத்திலிருந்து வரும் சல்ஃபேட் அரை எஸ்டர் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் எதிர்மின் சுமையால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, நீரில் பல மாதங்கள் அடியில் படியாமல் நிற்கின்றன. இந்தக் குணத்தை இலவசமாகத் தரும் முறைகள் குறைவு. மேலும், தொழிற்சாலை அளவுக்கு இது வந்துவிட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் விண்ட்சர் நகரில் செல்லுஃபோர்ஸ் நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டன் கொள்ளளவில் அமைத்த ஆலை 2012இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள அரசின் வனப்பொருள் ஆய்வகம் அதே ஆண்டில் முன்னோடி ஆலையைத் திறந்தது. அங்கே உருவாகும் படிகத்தை மெய்ன் பல்கலைக்கழகம் ஆய்வாளர்களுக்கு விற்றுவருகிறது. நாளுக்கு ஒரு டன் என்ற அளவில்தான் நீர்த்த அமிலத்தைச் செறிவூட்டி மறுபடி பயன்படுத்தும் அமைப்பு கட்டுப்படியாகும். ஆய்வகக் குடுவையில் அதற்கு வழியே இல்லை. ஆகவே அமிலத்தை மீட்டெடுக்கும் பெரிய ஆலையின் சல்ஃபூரிக் படிகம், மீட்பில்லாத சிறு கூடத்தின் பசுமைப் படிகத்தைவிடச் சூழலுக்குக் குறைந்த தீங்கு செய்திருக்க வாய்ப்புண்டு. பெரிய ஆலைப் பொருளைப் பயன்படுத்திய அனுபவமும் நன்றாகவே இருக்கிறது: சோடியம் வடிவிலான (அமிலத் தொகுதிகளின் ஹைட்ரஜனுக்குப் பதில் சோடியம் ஏற்றிய), தெளிப்பு முறையில் உலர்த்தப்பட்ட வெண்பொடி சாதாரணக் கலக்கியிலேயே நீரில் விரவிவிடுகிறது, தொகுதிக்குத் தொகுதி வேறுபாடும் மிகக் குறைவு.

மாற்று முறைகளில் என்னை அதிகம் கவர்ந்தது ஹைட்ரஜன் குளோரைடு ஆவி முறை. ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட இந்த முறையில் நாரை அமிலத்தில் ஊறவைப்பதே இல்லை. செல்லுலோஸ் நாராலான வடிதாளை ஆவி நிறைந்த மூடிய கலனில் வைத்துவிடுகிறார்கள். நாரில் இயல்பாக இருக்கும் சிறிதளவு ஈரத்தில் ஆவி கரைந்து, ஒழுங்கு குலைந்த இடங்களில் சங்கிலிகளை அறுக்கிறது. சுற்றிலும் திரவம் இல்லாததால் அறுபட்ட துண்டுகள் சர்க்கரையாகக் கரைந்து வெளியேறும் இழப்பும் இல்லை. அவர்கள் அறிவித்த விளைச்சல் 97.4 சதவீதம். முந்தைய முறையில் பாதிக்கும் மேற்பட்ட கூழ் சர்க்கரையாகி அமிலத்தோடு கலந்துவிடுவதையும், அமிலத்தை மீட்பதைக் கடினமாக்குவதே அந்தச் சர்க்கரைதான் என்பதையும் நினைத்தால் இந்த எண்ணின் மதிப்பு விளங்கும். வினைக்குப் பிறகு கலனிலிருந்து வாயுவை வெளியேற்றி மீண்டும் பயன்படுத்தலாம்; நடுநிலைப்படுத்தும் உப்புக்கு இடமே இல்லை.

ஆயினும் வாடிக்கையாளரின் கையில் அது எப்படி வந்து சேரும் என்று பார்க்கும்போது உற்சாகம் சற்றுக் குறைகிறது. மேற்பரப்பில் மின்சுமை இல்லாததால் இந்தப் படிகங்கள் நீரில் பிரிய மறுக்கின்றன. முதல் ஆய்விலேயே அவற்றைப் பிரிக்க ஃபார்மிக் அமிலமும் அல்ட்ராசோனிக் அதிர்வும் தேவைப்பட்டன. பின்னர் ஆக்சிஜனேற்றம் செய்து எதிர்மின் சுமை தரும் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகளை ஏற்றினால் நீரில் நன்றாக விரவும் என்று காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அது இன்னொரு வேதிப்படி, இன்னொரு கழுவல். அரிக்கும் வாயுவை அழுத்தத்தில் கையாளும் கலனுக்கு ஆகும் முதலீடும் சிறிதல்ல. தயாரிப்பு முறைக்கு நான் மிக உயர்ந்த மதிப்பெண் தருவேன். நீர்ப்பூச்சுக்கான பொருள் என்ற வகையில் இன்னும் ஒரு படி பாக்கியிருக்கிறது. பூச்சு வேலையை விட்டு, நெகிழியோடு கலப்பதற்காக வாங்குபவர்களுக்கு இந்த மதிப்பீடு தலைகீழாகவும் மாறலாம், ஏனெனில் சல்ஃபேட் இல்லாத படிகம் வெப்பத்தை நன்கு தாங்குகிறது.

கரிம அமில முறை மேடிசன் ஆய்வகத்திலிருந்தே வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். சல்ஃபூரிக் முறையை முன்னோடி ஆலை அளவுக்குக் கொண்டுசென்ற அதே இடத்தின் ஆய்வாளர்கள், 2016இல் ஆக்ஸாலிக், மேலியிக் போன்ற திட அமிலங்களின் அடர்ந்த கரைசலில் வெளுத்த யூக்கலிப்டஸ் கூழைச் சிதைத்துப் படிகம் எடுத்துக் காட்டினார்கள். இதன் சிறப்பு அமிலத்தை மீட்கும் எளிமையில் இருக்கிறது. ஆக்ஸாலிக் அமிலம் 80 டிகிரிக்கு மேல் 100 மில்லிலிட்டர் நீரில் 80 கிராமுக்கும் அதிகமாகக் கரையும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 10 கிராம்தான் கரைந்து நிற்கும். வினை முடிந்த கரைசலைக் குளிரவைத்தாலே அமிலத்தின் பெரும்பகுதி படிகமாகி அடியில் இறங்கிவிடுகிறது, வடிகட்டி எடுத்து அடுத்த தொகுதிக்குப் போடலாம். சிறு அளவில் நாங்கள் செய்து பார்த்தபோது, வடிகட்டிய திரவம் கலனில் குளிரும் நேரத்தில் சுவரோரம் ஊசி ஊசியாக அமிலம் பூத்து இறங்கியதைப் பார்க்க முடிந்தது. சல்ஃபூரிக் அமிலத்தை இப்படி மீட்க முடியாது. அதைச் செறிவூட்ட ஆவியாக்கியாக வேண்டும்.

படிகத்தின் மேற்பரப்பில் அமிலத்தின் ஒரு முனை எஸ்டராக ஒட்டி, மறுமுனை கார்பாக்சிலாக நிற்பதால் ஓரளவு மின்சுமையும் கிடைக்கிறது. குறையும் உண்டு. படிகமாகக் கிடைக்கும் பங்கு குறைவு. பெரும்பகுதி அரைகுறையாகச் சிதைந்த நாராகத் தங்கிவிடுகிறது. ஆய்வாளர்கள் அதை வீணாக்கவில்லை. இயந்திரத்தால் அரைத்து நானோநாராக மாற்றி இரண்டாவது விளைபொருளாக்குகிறார்கள். இரண்டையும் வாங்க ஆளிருக்கும் இடத்தில் இது நல்ல ஏற்பாடு. படிகம் மட்டும் தேவைப்படுபவருக்கு விலை ஏறும். ஆக்ஸாலிக் அமிலம் கீரையிலும் இருப்பது என்று சொல்லி அதைச் சாதுவாகக் காட்டும் விற்பனைப் பேச்சை மட்டும் ஏற்க வேண்டாம். அடர்ந்த நிலையில் அது நச்சு; சிறுநீரகத்தைப் பாதிக்கும்; கையுறையும் முகக் காப்பும் இல்லாமல் தொடக்கூடிய பொருள் அல்ல.

ஆக்சிஜனேற்ற முறைகளைப் பற்றிப் பேசும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தினர் 2011இல் வெளியிட்ட அமோனியம் பெர்சல்ஃபேட் முறை, ஒரு மோலார் கரைசலில் 60 டிகிரியில் 16 மணி நேரம் நாரை வைத்திருந்தால் போதும் என்பதால் மிகப் பிரபலமானது. ஆளி, சணல் போன்ற நார்களிலிருந்து, செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைத் தனியாக நீக்கவேண்டிய தேவையும் இல்லை. வெளுப்பும் சிதைப்பும் ஒரே படியில் நடந்து, கார்பாக்சில் தொகுதிகளுடன் கூடிய சீரான படிகம் கிடைக்கிறது. வீரிய அமிலத்தைக் கையாளும் ஆபத்து இல்லை என்பதால் பல கட்டுரைகள் இதைப் பசுமை முறை என்றே வகைப்படுத்துகின்றன. ஆனால் ஒரு மோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 228 கிராம் உப்பு. நூறு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் நார் என்ற விகிதத்தில் செய்தால், ஒரு கிராம் நாருக்கு ஏறத்தாழ 23 கிராம் பெர்சல்ஃபேட் செலவாகிறது. வினை முடிவில் அது அமோனியம் சல்ஃபேட்டும் சல்ஃபூரிக் அமிலமுமாகக் கழிவுநீரில் நிற்கிறது. முன்வாசல் வழியாக வெளியேற்றிய சல்ஃபேட்டைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்த கதைதான். ஆய்வகத்தில் வசதியான முறை என்ற அளவில் இதை மதிக்கிறேன். சூழல் மதிப்பெண்ணில் பழைய முறைக்கு மேலே இதை வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு இதிலிருந்து வேறுபட்டது. அது சிதைந்தால் நீரும் ஆக்சிஜனும்தான் மிஞ்சும். மான்ட்ரியலின் அனோமெரா நிறுவனம் பெராக்சைடு வழியில் கார்பாக்சில் ஏறிய படிகத்தைத் தயாரிக்கிறது. சாஸ்கடூனின் புளூ கூஸ் பயோரிஃபைனரீஸ் உலோக வினையூக்கியின் துணையோடு ஆக்சிஜனேற்ற முறையைக் கையாள்கிறது. உப்புக் கழிவு இல்லாததால் கழுவும் நீர் இயல்பாகவே குறைய வேண்டும். பெராக்சைடு சார்ந்த படிகத்தை எங்கள் பூச்சில் சேர்த்தபோது, அதே அளவு சல்ஃபேட் படிகம் தரும் பாகுநிலையைவிடச் சற்று மாறுபட்ட நடத்தையே தெரிந்தது. கார்பாக்சில் என்பது மென்மையான அமிலத் தொகுதி என்பதால் கலவையின் அமிலத்தன்மை கூடும்போது மின்சுமை குறைந்து துகள்கள் திரளத் தொடங்குகின்றன. ஆகவே அமிலத்தன்மையை நடுநிலைக்கு அருகில் வைத்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்து செய்முறையை அமைத்தால் குறை ஒன்றுமில்லை. இன்று கடையில் வாங்கக்கூடிய நிலையில் உள்ளவற்றுள், தயாரிப்பு முறையின் தூய்மையையும் கைக்கு வரும் பொருளின் தரத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் முதல் தேர்வு இந்த வகைதான்.

இரண்டு பொருள்களைக் கலந்ததும் உருகுநிலை வெகுவாகக் குறைந்து திரவமாகிவிடும் ஆழ் யூடெக்டிக் கரைப்பான்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகிவருகின்றன. ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தினர் 2016இல் கோலின் குளோரைடையும் ஆக்ஸாலிக் அமிலத்தையும் கலந்த திரவத்தில் மரநாரைச் சூடாக்கி, பிறகு இயந்திர விசையால் பிரித்து, 9 முதல் 17 நானோமீட்டர் அகலமும் 310 முதல் 410 நானோமீட்டர் நீளமும் கொண்ட படிகங்களைப் பெற்றார்கள். இரண்டு பொருள்களும் மலிவானவை, எளிதில் மக்குபவை. ஆனால் கரைப்பானைக் கழுவி எடுத்த நீரிலிருந்து அதை மீண்டும் பெற அந்த நீர் முழுவதையும் ஆவியாக்க வேண்டும் என்பதைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகளான அயனித் திரவங்களுக்கும் இதே சிக்கல், அதைவிட அதிக விலையில்.

வெறும் நீரை மட்டும் கொண்டு செய்யும் முறையும் இருக்கிறது. பிரேசில், பிரான்ஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 120 டிகிரி வெப்பத்திலும் 20.3 மெகாபாஸ்கல் அழுத்தத்திலும் ஒரு மணி நேரம் நீரைச் செலுத்தி 21.9 சதவீத விளைச்சல் கண்டார்கள். அமிலமே இல்லை, நடுநிலைப்படுத்தலும் இல்லை. ஆனால் வளிமண்டலத்தைப் போல் இருநூறு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் கலனில் ஐந்தில் ஒரு பங்கு விளைச்சலுக்காக யார் முதலீடு செய்வார்கள் என்பது வேறு கேள்வி. கொள்கையளவில் தூய்மையானது, விற்பனைப் பொருளாக இன்னும் மதிப்பிடும் கட்டத்துக்கு வரவில்லை.

நொதி முறைக்கு நம் நாட்டில் வேர் இருக்கிறது. மும்பை மாட்டுங்காவிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிர்காட்டின் ஆய்வாளர்கள், டிரைக்கோடெர்மா ரீசியை என்ற பூஞ்சையைக் கொண்டு பருத்தியிலிருந்து நானோபடிகம் பிரித்தெடுத்த ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். அதே நிறுவனம் பின்னர் நாளுக்கு 10 கிலோ கொள்ளளவு கொண்ட நானோசெல்லுலோஸ் முன்னோடி ஆலையையும் அமைத்தது. நூற்பாலைக்குப் பயன்படாத குட்டை இழைகளான லிண்டர் அங்கே மூலப்பொருளாகிறது. நொதி வேலை செய்யும் சூழல் மிதமானது: 50 டிகிரியை ஒட்டிய வெப்பம், லேசான அமிலத்தன்மை, அவ்வளவுதான். கரைந்து போகும் பகுதியும் தூய சர்க்கரையாக இருப்பதால் நொதிக்கவைத்து எத்தனாலாக்கலாம். குறைகள் நன்கு தெரிந்தவை: வினை மெதுவானது, விளைச்சல் குறைவு, மேற்பரப்பில் மின்சுமை ஏறுவதில்லை, துகள் அளவு பரந்து விரிந்திருக்கும். எங்கள் பூச்சுக்கு அளவு சீராக இருக்க வேண்டும் என்பதால் இதை நாங்கள் பயன்படுத்துவதில்லை. காகிதக் கூழில் வலுவூட்டியாகச் சேர்ப்பவர்களுக்குத் துகள் அளவின் சீர்மை அவ்வளவு முக்கியமல்ல.

மூலப்பொருளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். விவசாயக் கழிவிலிருந்து எடுத்தது என்று அட்டையில் போட்டுவிட்டால் சூழல் கணக்கு தானாகவே குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவைச் சேர்ந்தவர்கள் 2012இல் வெளியிட்ட வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு இந்த நம்பிக்கையை அசைக்கிறது. இளநீர்த் தேங்காயின் மட்டை நாரிலிருந்து எடுத்த படிகத்தையும் வெண்பருத்தியிலிருந்து எடுத்த படிகத்தையும் ஒப்பிட்டபோது, ஆற்றலிலும் நீரிலும் பருத்தி வழியே சிக்கனமாக வந்தது. மட்டை நாரில் லிக்னின் மிகுதி. அதை நீக்கி வெளுக்கும் படிகள்தான் அந்தக் கழிவை விலையுயர்ந்ததாக்குகின்றன. நம் ஊர்களிலும் மட்டைக் குவியல்களைக் காட்டி இதே வகைத் திட்டங்கள் பேசப்படுகின்றன. பேசுபவர்களிடம் வெளுப்புப் படியின் கணக்கை முதலில் கேட்பது நல்லது.

இனி பொருளைச் சோதிக்கும் விதம். வந்த மாதிரியை இரண்டு சதவீத அளவில் நீரில் விரவி, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு துருவமுனைப்பு வடிகட்டித் தாள்களுக்கு நடுவே குப்பியைப் பிடித்து மெல்லச் சுழற்றுவோம். படிகங்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் இருண்ட பின்னணியில் வெளிச்சக் கோடுகள் சுழலும் திசையில் ஓடி, குப்பி நின்றதும் மறையும். திரள்கள் இருந்தால் அங்கங்கே புள்ளிகள் மட்டுமே மின்னும். இன்னொரு துளியைக் கண்ணாடித் தட்டில் மூடியிட்டு மெதுவாக உலரவிட்டால், சல்ஃபேட் படிகம் தரமானதாக இருக்கும்போது படலத்தின் விளிம்பில் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். நானோபடிகங்கள் திருகுபோல் அடுக்கிக்கொள்வதன் விளைவு இது. அதற்குப் பிறகே கருவிகளுக்குப் போவோம். சல்ஃபேட் அளவைக் கண்டறிய ஐஎஸ்ஓ 21400 என்ற தரநிலை 2018 முதல் இருப்பதால், அதன்படி அளந்த எண்ணை விற்பவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உலர்த்தலில்தான் ஆற்றல் கணக்கு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. கனடாவின் எஃப்பிஇன்னோவேஷன்ஸ் ஆய்வாளர்கள் 2012இல் காட்டியபடி, அமில வடிவப் படிகம் முழுக்க உலர்ந்துவிட்டால் நீரில் மீண்டும் பிரிவதில்லை. சோடியம் வடிவத்துக்கு மாற்றி உலர்த்தினால் பிரிகிறது. உறைநிலையில் உலர்த்திய பஞ்சு போன்ற பொருள் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் அதற்குப் பிடிக்கும் மின்சாரம் தெளிப்பு உலர்த்தலைவிட மிக அதிகம். உலர்த்தாமல் 10 சதவீதத்தை ஒட்டிய அடர்த்தியில் கூழாக அனுப்பினால் பத்துக் கிலோ சரக்கில் ஒன்பது கிலோ தண்ணீர் கப்பலேறுகிறது, வழியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காப்புப் பொருளும் சேர்க்க வேண்டும். தயாரிப்பு இடம் அருகிலிருந்தால் கூழ், தொலைவிலிருந்தால் சோடியம் வடிவத் தெளிப்புப் பொடி என்பதே நாங்கள் பின்பற்றும் வழக்கம்.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு விற்பனையாளர், மிகக் குறைந்த நீரில் தயாரித்த பசுமைப் படிகம் என்று சொல்லிப் பொடி ஒன்றை அனுப்பியிருந்தார். நீரில் போட்டதும் கொதிநீரில் கொட்டிய மாவு போல வெளியே வழவழப்பாகவும் உள்ளே உலர்ந்தும் கட்டி கட்டியாகத் திரண்டது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறனை அளந்தபோது எண் வழக்கமான மாதிரிகளைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. எரித்துப் பார்த்ததில் சாம்பலும் தாராளமாக மிஞ்சியது. கழுவ வேண்டிய உப்பைக் கழுவாமல் பொடியோடு சேர்த்தே உலர்த்தியிருக்கிறார்கள். உப்பு அதிகமாக இருந்தால் துகள்களின் மின்சுமை மறைக்கப்பட்டு அவை ஒட்டிக்கொள்ளும், கட்டிக்கு அதுவே காரணம். நாங்கள் அதைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரச் சவ்வு வடிகட்டியில் பலமுறை நீர் மாற்றிக் கழுவ வேண்டியிருந்தது. அவர் மிச்சப்படுத்திய தண்ணீர் எங்கள் கூடத்தில் செலவானது என்பதைத் தவிர அந்தப் பசுமையில் வேறொன்றும் இல்லை. சிறு மாதிரிக்குக் கூடக் கடத்துத்திறனும் சாம்பல் சதவீதமும் கேட்டு வாங்கும் வழக்கம் அதன் பிறகு உறுதிப்பட்டது.

யாருக்கு எதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், நீர்ப்பூச்சு, மை, அழகுப்பொருள் ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் பெராக்சைடு வழியில் வந்த கார்பாக்சில் படிகத்தை முதலில் பார்க்கலாம்; கலவையில் அமிலத்தன்மை தவிர்க்க முடியாததாக இருந்தால், அமில மீட்புள்ள பெரிய ஆலையின் சோடியம் வடிவச் சல்ஃபேட் படிகத்துக்குப் போகலாம். உருக்கிய நெகிழியில் கலப்பவர்கள் சல்ஃபேட் படிகத்தை, குறிப்பாக அமில வடிவில், தவிர்ப்பது நல்லது. 200 டிகிரியை நெருங்கும் முன்பே அது நிறம் மாறத் தொடங்கும். அவர்களுக்குக் கரிம அமில முறையிலோ ஆவி முறையிலோ வந்த படிகம் பொருந்தும், கிடைக்கும் அளவு இன்று குறைவு என்றாலும். கல்லூரி ஆய்வகங்கள் படிகத்தின் குணங்களைக் கற்பதற்கு மட்டும் செய்வதாக இருந்தால் ஆக்ஸாலிக் அமில முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அமிலத்தைத் திரும்பப் பெற்று எடைபோடும் பயிற்சியும் மாணவர்களுக்குச் சேர்ந்து கிடைக்கும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் நான் அனுப்பும் மின்னஞ்சலில் கேள்விகள் சில மட்டுமே: கூழின் எடைக்கு விளைச்சல் எத்தனை சதவீதம், ஒரு கிலோ படிகத்துக்குக் கழிவுநீர் எத்தனை லிட்டர், அமிலத்திலோ ஆக்சிஜனேற்றியிலோ எவ்வளவு பங்கு மீட்கப்படுகிறது, மீட்கப்படாதது எந்த உருவில் எங்கே போகிறது. இவற்றுக்கு எண்களோடு பதில் வந்தால் அந்த எண் பெரியதாக இருந்தாலும் மாதிரி வாங்கிப் பார்ப்பேன். இலைப் படம் போட்ட விவரத்தாளே மறுபடி இணைப்பாக வந்தால் அந்த விற்பனையாளரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.